ஈராக்குக்குப் போகாத நம் படை: 2003 முடிவை யார் எடுத்திருக்க வேண்டும்?

அகல்யன்

2003 ஜூலை 14. வாஜ்பாய் தலைமையில் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு கூடியது. முடிந்ததும் வெளியுறவு அமைச்சர் யஷ்வந்த் சின்ஹா ஓர் அறிக்கையைப் படித்தார். ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இருந்தால் ஈராக்குக்குப் படை அனுப்புவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்பது அதன் சாரம். அதாவது, இப்போதைக்கு இல்லை. அமெரிக்கா கேட்டது ஒரு டிவிஷன் அளவுக்கு, 17,000 பேருக்கு மேல். வட ஈராக்கில் நிறுத்துவதாகப் பேச்சு. அனுப்பியிருந்தால் அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அங்கே நின்ற பெரிய படை நம்முடையதாகவே இருந்திருக்கும்.

"நல்ல வேளை, தப்பித்தோம்" என்று இதை எல்லோரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். தப்பித்தோம், சரி. எப்படித் தப்பித்தோம் என்று பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. அந்த ஜூனில் அத்வானி வாஷிங்டன் போய் வந்தார். பென்டகனிலிருந்து பீட்டர் ரோட்மன் தலைமையில் ஒரு குழு டெல்லிக்கு வந்து நம் அதிகாரிகளின் கேள்விகளுக்குப் பதில் சொன்னது. யாருடைய கட்டளையின் கீழ், எந்தப் பகுதியில், எவ்வளவு காலம் என்ற அளவுக்குப் பேச்சு போய்விட்டது. பெரிய நாடு என்றால் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று டெல்லிப் பத்திரிகைகளில் கட்டுரை மேல் கட்டுரை. இந்தப் பக்கம் சோனியா காந்தி பிரதமருக்கு எதிர்ப்புத் தெரிவித்துக் கடிதம் எழுதினார். இடதுசாரிகள் எதிர்த்தார்கள். கூட்டணிக் கட்சிகளுக்குத் தயக்கம். வருடக் கடைசியில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று ஐந்து மாநிலத் தேர்தல்கள். எல்லாம் சேர்ந்துதான் 'வேண்டாம்' என்று வந்தது.

இதில் நாடாளுமன்றத்துக்கு என்ன வேலை இருந்தது? ஒன்றும் இல்லை. ஏப்ரலில்தான் மக்களவை ஒருமனதாகத் தீர்மானம் போட்டது, போரை நிறுத்து, கூட்டணிப் படைகளே வெளியேறுங்கள் என்று. இரண்டே மாதத்தில் அந்தக் கூட்டணிக்கே ஆள் அனுப்பலாமா என்று அரசு யோசிக்கிறது. யோசித்து 'ஆம்' என்று சொல்லியிருந்தாலும் அந்தச் சபையைக் கேட்க வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. இன்றைக்கும் இல்லை. வெளிநாட்டுக்குப் படை போக நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயம் என்று ஒரு சட்டம் வேண்டும் என்பது என் கட்சி. எதிர்ப்பவர்கள் வாருங்கள்.

கோட்டை ராஜா

வந்துவிட்டேன்.

தப்பித்தோம் என்பதையே நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஈராக் என்றால் கடும் சண்டை நடந்த ஃபலூஜா மட்டும் இல்லை. தென்கொரியா 2004இல் எர்பிலுக்கு அனுப்பிய ஜெய்தூன் படைப்பிரிவு நான்கு வருடம் அங்கே ஆஸ்பத்திரி நடத்தி, பள்ளிக்கூடம் கட்டி, பெரிய சேதாரம் இல்லாமல் ஊர் திரும்பியது. குர்துகள் பகுதி அப்போது அமைதி. நமக்கும் வடக்கைத்தான் சொன்னார்கள். போயிருந்தால், லட்சக்கணக்கான நம் ஆட்கள் வேலை பார்க்கும் வளைகுடாவுக்குப் பக்கத்தில் நாமும் காலூன்றியிருப்போம். எண்ணெய், சீரமைப்பு ஒப்பந்தம் எல்லாம் தனிக்கணக்கு.

போகாமல் இருந்து என்ன கண்டோம்? 2004 ஜூலையில் லாரி ஓட்டப் போன இந்தியர்கள் 3 பேரைக் கடத்திவைத்துக்கொண்டு செப்டம்பர் வரை நம்மை அலைக்கழித்தார்கள். இந்தியா படை அனுப்பவில்லை, பாவம் விட்டுவிடுவோம் என்று யாராவது நினைத்தார்களா?

அப்புறம், படையை நகர்த்துவது நிர்வாகத்தின் வேலை. 543 பேர் கூடிக் கூச்சல் போட்டு எடுக்கிற முடிவு அல்ல.

திண்ணை

அண்ணனுக்கு எர்பிலில் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறேன். முன்பணம் கட்டிவிடவா?

கரிசல் காட்டான்

எர்பில் வேறு, மோசுல் வேறு. இரண்டுக்கும் நடுவே நூறு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் அரசியல் தலைகீழ். நமக்குச் சொன்ன வடக்கில் மோசுலும் அடிபட்டது. 2003இல் அங்கே இருந்தது பெட்ரயஸ் தலைமையில் அமெரிக்காவின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவு. அவர் இருந்தவரை ஊர் ஓரளவு அடங்கியிருந்தது. அவர்கள் போனார்கள், குறைவான படை வந்தது. 2004 நவம்பரில் சில நாட்களுக்குள் போலீஸ் நிலையங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன, போலீஸ்காரர்கள் ஆயிரக்கணக்கில் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்கள். அந்த வாரம் அங்கே மராத்தாவோ மெட்ராஸ் ரெஜிமென்டோ நின்றிருந்தால் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

நம் முடிவு வந்து ஐந்து வாரத்தில், ஆகஸ்ட் 19 அன்று, பாக்தாத் கனால் ஹோட்டலில் இருந்த ஐ.நா. அலுவலகத்தையே லாரி குண்டு வைத்துத் தகர்த்தார்கள். ஐ.நா. தூதர் செர்ஜியோ வியெய்ரா டி மெல்லோ உட்பட 22 பேர் இறந்தார்கள். நவம்பரில் நசிரியாவில் இத்தாலியர்கள் 19 பேர். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு, அந்தத் தேர்தலோடு ஸ்பெயின் தன் படையைத் திருப்பி அழைத்துக்கொண்டது. நீங்கள் சொல்லும் கொரியாவின் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும், படை அனுப்பாதே என்று மிரட்டி ஈராக்கில் கொன்றார்கள்.

இன்னொன்று யாரும் பேசுவதில்லை. ஈராக்குக்கு இந்தியச் சிப்பாய் புதியவன் அல்ல. முதல் உலகப் போரில் கூட் அல் அமாரா நகரில் ஜெனரல் டவுன்ஷெண்டின் 6ஆவது பூனா டிவிஷனைத் துருக்கியர்கள் முற்றுகையிட்டார்கள். 1915 டிசம்பரிலிருந்து 1916 ஏப்ரல் 29 வரை. கடைசியில் குதிரைகளை அறுத்துச் சாப்பிடும் நிலை. குதிரைக் கறி சாப்பிட மாட்டோம் என்று இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் வெகுநாள் மறுத்தார்கள். சரணடைந்தது ஏறக்குறைய 13,000 பேர், அதில் பெரும் பகுதி நம் ஆட்கள். கைதிகளாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனபோது வழியில் செத்தவர்கள் ஏராளம். அது நம் சோகம். ஈராக்கியர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அடுத்த அத்தியாயம் முக்கியம்: 1920இல் அவர்கள் பிரிட்டிஷாரை எதிர்த்துக் கிளர்ந்தபோது அதை அடக்கப் போனதும் இந்தியப் படைதான். 1941இல் மறுபடியும் பாஸ்ராவில் இறங்கியது இந்தியப் படை. நான்காவது தடவையாக வேறொரு வெள்ளைக்காரனுக்காகப் போய் நின்றால் வரவேற்பு எப்படி இருந்திருக்கும்?

பழைய சிக்னல்

நான் சிக்னல்ஸில் இருந்து ஓய்வு பெற்றவன். 2003இல் யூனிட்டில் என்ன பேசினார்கள் என்று சொல்கிறேன்.

அதற்கு முந்தைய வருடம் ஆபரேஷன் பராக்ரம். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லைக்குப் போனவர்கள் 2002 அக்டோபர் வரை ராஜஸ்தான் மணலில் கிடந்தோம். போரே நடக்கவில்லை, ஆனாலும் கண்ணிவெடி புதைத்தும் எடுத்தும் பலர் போனார்கள். திரும்பி வந்து லீவுக் கணக்கு முடிவதற்குள் ஈராக் பேச்சு. லங்கரில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "சாப், யு.என். மிஷனா, இல்லையா?"

இதில் பணமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. யு.என். மிஷன் என்றால் தனிப்படி, ஊரில் வீட்டு வேலை முடியும், தங்கச்சி கல்யாணம் நடக்கும். காங்கோ, எத்தியோப்பியா என்றால் பேரைக் கொடுக்கப் போட்டி போடுவார்கள். ஆனால் கேள்வி பணத்துக்காக மட்டும் இல்லை. ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டால் யார் கமாண்டர், எப்போது சுடலாம், எத்தனை மாதத்தில் ரொட்டேஷன் என்று ஒரு வரைமுறை இருக்கும். இது அமெரிக்கன் கமாண்ட் என்று ஒருவர் சொல்வார், இல்லை போலந்துக்காரனுக்குக் கொடுத்தது மாதிரி நமக்குத் தனி செக்டர் என்று இன்னொருவர். மேலே இருந்து ஒன்றும் வரவில்லை. எங்களுக்கு டிவிதான் ஆர்டர்.

தம்பி அகல்யன், ஐ.நா. ஆணை என்பதையும் பெரிய கவசமாக நினைத்துவிடாதீர்கள். 2000இல் சியரா லியோனில் நம் ஆட்கள் நீலத் தொப்பியோடுதான் இருந்தார்கள். கைலாஹுன் என்ற ஊரில் 5/8 கூர்க்காவின் இரண்டு கம்பெனி 75 நாள் கிளர்ச்சிக்காரர்களின் வளையத்துக்குள். ஜூலையில் ஆபரேஷன் குக்ரி நடத்தித்தான் மீட்டார்கள். அப்புறம் அங்கே நம் ஜெனரலுக்கும் மற்ற நாட்டு அதிகாரிகளுக்கும் சண்டை வந்து, நாம் அந்த மிஷனை விட்டே வெளியே வந்தோம்.

நல்லூரான்

வாசித்துக்கொண்டுதான் இருந்தனான். எல்லோரும் 2003ஐக் கதைக்கிறீர்கள், அந்த முடிவுக்குப் பின்னால் நின்றது 1987 என்று ஒருவரும் சொல்லவில்லையே.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம், அடுத்த நாளே இந்தியன் ஆமி யாழ்ப்பாணத்துப் பலாலியில் வந்து இறங்கியது. சனம் ரோட்டில் நின்று மாலை போட்டது உண்மை. எங்கள் ஒழுங்கைக்குள் வந்த ஜீப்புக்கு அம்மா தேத்தண்ணி கொடுத்தவ. இளநீர் வெட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அப்பாவோடு மழை, பயிர் என்று கதைத்தது நினைவிருக்கு. அக்டோபர் 10இல் புலிகளோடு சண்டை தொடங்கியது. அக்டோபர் 21, தீபாவளி அன்று, யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் ஆமி வந்து டொக்டர்மார், தாதிமார், நோயாளிகள் என்று அறுபதுக்கு மேற்பட்டவர்களைச் சுட்டது. நாங்கள் கோயிலில் அகதியாக இருந்தோம்.

நான் சொல்ல வருவது பழி அல்ல. ஆயுதத்தை வாங்கி வைக்க வந்த படை பத்துக் கிழமைக்குள் போர் செய்யும் படை ஆகிவிட்டது. அந்த மாற்றத்தை யார் தீர்மானித்தது? எங்களிடமும் கேட்கவில்லை, உங்களிடமும் கேட்கவில்லை. உங்கள் நாடாளுமன்றத்தில் அதற்கென்று ஒரு வாக்கெடுப்பு நடந்ததா?

பழைய சிக்னல்

நல்லூரான், படித்தேன். என் சீனியர்கள் பலர் அங்கே இருந்தவர்கள், அவர்கள் வாயைத் திறக்கவே மாட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இரவு ஹெலிகாப்டரில் இறங்கிய 13 சீக்கிய லைட் இன்ஃபண்ட்ரியின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். மொத்தம் சுமார் 1,200 பேர். உங்கள் பக்கம் போன உயிர்கள் அதைவிடப் பல மடங்கு. 1990 மார்ச் 24இல் கடைசிக் கப்பல் கிளம்பியது. சென்னையில் வரவேற்பு வைத்தார்கள், முதலமைச்சர் கலைஞர் போகவில்லை. பட்டாளத்துக்காரனாக அது எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

திண்ணை

அவர் போகாததற்குக் காரணம் இருந்தது. தன் இன மக்களைக் கொன்ற படையை எப்படி மாலை போட்டு வரவேற்பார்?

கோட்டை ராஜா

சிப்பாய் கட்டளைக்குப் போனவன். அவனை அவமதித்து என்ன சாதித்தார்கள்? ஓட்டு அரசியல்தான்.

நெறியாளர்

இதற்குப் பிறகு வந்த நான்கு பதிவுகளை எடுத்துவிட்டேன். 1990 வரவேற்பு பற்றிப் பழைய இழை ஒன்று இருக்கிறது, அங்கே அடித்துக்கொள்ளுங்கள். இங்கே 2003, நாடாளுமன்றம், சட்டம்.

மேகலை

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன், வக்கீல் தொழில் பார்க்கிறவள்.

அகல்யன் சொன்னது சரி. அரசமைப்பின் 53ஆம் பிரிவு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் கொடுக்கிறது, அதைச் சட்டத்தால் ஒழுங்குபடுத்தலாம் என்கிறது. போரும் அமைதியும் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. அதாவது நாடாளுமன்றம் நினைத்தால் சட்டம் போடலாம், இதுவரை போடவில்லை. வேடிக்கை என்னவென்றால், உள்நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்க அமைச்சரவையின் எழுத்துப்பூர்வமான முடிவு வேண்டும், ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையோடு ஒப்ப வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1975க்குப் பிறகு பட்ட பாட்டில் 44ஆவது திருத்தத்தில் சேர்த்தது. ஒரு லட்சம் பேரை அடுத்த நாட்டுக்கு அனுப்ப இதில் ஒன்றுகூடத் தேவையில்லை.

ஆனால் அகல்யன், உங்கள் தீர்வில் ஓட்டை இருக்கிறது. 2013இல் சிரியாவைத் தாக்க பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன் கேட்ட அனுமதி 285க்கு 272 என்று தோற்றது. தோற்கடித்ததில் அவருடைய கட்சிக்காரர்களே 30 பேர். 2003 மார்ச் 1இல் துருக்கி நாடாளுமன்றம், தன் மண் வழியாக அமெரிக்கப் படையை விடுவதா என்று வாக்களித்தது. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவு கூடுதல், ஆனாலும் வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் கிடைக்காததால் தோற்றது. ஆளும் கட்சி தன் ஆட்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

இதே வாக்கெடுப்பு இங்கே நடந்தால்? கொறடா உத்தரவு போடுவார். கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணைப்படி அதை மீறி வாக்களித்தாலோ, வராமல் இருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகும். அமைச்சரவை எடுத்த முடிவையே இன்னொரு முறை கை தூக்கிச் சொல்வதற்கு ஒரு வாக்கெடுப்பு எதற்கு? 1987இல் ராஜீவ் காந்திக்கு 400 பேருக்கு மேல் இருந்தார்கள். நல்லூரான் கேட்ட வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் படை போயிருக்கும்.

அகல்யன்

மேகலை, இந்த ஓட்டை பெரிதுதான். இருந்தாலும் 2003ஐப் பாருங்கள். பா.ஜ.க.வுக்கு அப்போது 182 இடம். மீதிப் பேர் கூட்டணிக் கட்சிகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கொறடா. ஓட்டெடுப்பு என்று வந்தால் ஒவ்வொருவரும் வாய் திறந்து ஆம், இல்லை சொல்லியாக வேண்டும். அது வேண்டாம் என்றுதான் எல்லாவற்றையும் அறைக்குள் முடித்தார்கள். மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்குவதற்குள் முடிவையும் அறிவித்துவிட்டார்கள்.

கரிசல் காட்டான்

டெல்லியில் சொல்லும் ஒரு கதை உண்டு. வாஜ்பாய் அந்த நேரத்தில் இடதுசாரித் தலைவர்கள் சுர்ஜித்தையும் பர்தனையும் பார்த்தபோது, "எதிர்க்கிறோம் என்கிறீர்கள், சத்தம் வெளியே கேட்கவில்லையே" என்றாராம். இவர்கள் கிளம்பிப் போய்ச் சத்தத்தைக் கூட்டினார்களாம். வாஜ்பாயின் சாமர்த்தியத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள்.

மேகலை

கதையாகவே எடுத்துக்கொள்கிறேன். உண்மையாக இருந்தால் அது அகல்யன் பக்கத்துக்குத்தான் வலு. தன் அமைச்சரவைக்குள் இருக்கும் நெருக்கடியைச் சமாளிக்க ஒரு பிரதமர் தெருச் சத்தத்தைக் கடன் கேட்கிறார். வாஜ்பாய் இருந்தார், கேட்டார். வேறொருவர் இருந்திருந்தால்?

கோட்டை ராஜா

பிரிட்டனை ஏன் பாதியில் நிறுத்துகிறீர்கள்? அதே சபைதான் 2003 மார்ச் 18இல் 412க்கு 149 என்று ஈராக் போருக்கு அனுமதி கொடுத்தது. போரை எதிர்த்து அமைச்சர் ராபின் குக் பதவியை விட்டுவிட்டுப் பேசிய பேச்சை எல்லாரும் பாராட்டினார்கள், ஓட்டு மட்டும் பிரதமர் பிளேருக்குப் போட்டார்கள். 2018இல் தெரசா மே ஓட்டே எடுக்காமல் சிரியா மீது ஏவுகணை விட்டார். அமெரிக்காவில் 1973லிருந்து, நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் 60 நாளுக்கு மேல் சண்டை கூடாது என்ற சட்டம் இருக்கிறது. 2011இல் லிபியா மீது மாதக்கணக்கில் குண்டு போட்டுவிட்டு, அது அந்தச் சட்டம் சொல்லும் சண்டையே இல்லை என்று ஒபாமா தரப்பு வாதாடியது. ஓட்டுப் போட்டால் போர் நிற்கும் என்பது நம்பிக்கை, அவ்வளவே. நம் நாட்டில் ஓட்டே இல்லாமல் சரியான முடிவு (உங்கள் கணக்குப்படி) வந்தது. பிரிட்டனில் ஓட்டுப் போட்டுத் தப்பான முடிவு வந்தது. அப்புறம் எதற்குச் சட்டம்?

நல்லூரான்

ஐயா, அது நல்ல கேள்வி. ஆனால் பிரிட்டனில் யார் கை தூக்கியது என்று பெயர் பெயராக இன்றைக்கும் இருக்கு. பிளேரை வைத்து விசாரித்தார்கள், அறிக்கை வந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு யாரை விசாரிப்பது?

அகல்யன்

நல்லூரான் சொன்னதுதான் நான் சொல்ல நினைத்ததும். ஓட்டு போரை நிறுத்தும் என்று நான் சொல்லவே இல்லை. ஓட்டெடுப்பு வேண்டும் என்றால் அரசு ஒரு காகிதத்தைச் சபையில் வைத்தாக வேண்டும். எத்தனை பேர், எங்கே, யார் கட்டளையில், எந்தத் தேதி வரை, செலவு யாருடையது. 2003இல் ரோட்மன் குழுவிடம் நம் அதிகாரிகள் மூடிய அறையில் கேட்டது ஏறக்குறைய இவைதான். அந்தப் பதில்களை நாமும் பார்த்திருக்கலாம்.

ஜெர்மனியைப் பாருங்கள். 1994இல் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது, 2005இல் சட்டமாகவே வந்தது. ஆயுதமேந்திய படையை வெளியே அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும், ஆணையில் ஆள் எண்ணிக்கைக்கு உச்ச வரம்பும் முடியும் தேதியும் இருக்கும். பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், வேண்டுமானால் நடுவில் திருப்பி அழைக்கலாம். இது 1987இல் இருந்திருந்தால் படை போயிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். 1988 ஜூலையில் புதுப்பிக்க வரும்போது எத்தனை பேர் செத்தார்கள், என்ன சாதித்தோம் என்று ராஜீவ் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். 400 பேர் கை தூக்கியிருப்பார்கள். தூக்கட்டும், பெயரோடு தூக்கட்டும்.

கரிசல் காட்டான்

ஆம், இல்லை இரண்டும் தவிர மூன்றாவது ஒன்றும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். 1950இல் கொரியாவுக்கு ஆள் கேட்டபோது நேரு சண்டைப் படை அனுப்பவில்லை, 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவை அனுப்பினார். தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அந்த டிசம்பரில் சீனப் படை இறங்கி, பியோங்யாங்கைக் காலி செய்யும்போது வண்டி கிடையாது, சாமான்களை விட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரிச் சாமான் இல்லாமல் நாங்கள் எதற்கு என்று இவர்கள் தேடி ஒரு பழைய ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து கொதிகலனில் ஊற்றி, ஓட்டத் தெரிந்த சிப்பாய்களை வைத்து, மொத்தச் சாமானையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. போர் முடிந்து கைதிகளைப் பார்த்துக்கொள்ள இந்தியப் படை ஒன்று போனது. இந்தியச் சிப்பாய் தென்கொரிய மண்ணில் கால் வைக்கக்கூடாது என்று தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ அடம் பிடித்ததால் ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய் நடு எல்லையில் இறக்கினார்கள்.

2003 ஜூலை 14 அறிக்கையிலும், ஜோர்டானோடு சேர்ந்து நஜஃபில் ஓர் ஆஸ்பத்திரி அமைக்கத் திட்டமிடுகிறோம் என்று ஒரு வரி உண்டு. கொரியாவின் பாடம் டெல்லியில் யாருக்கோ நினைவிருந்திருக்கிறது.

மேகலை

கொரியாவில் ரீ அடம் பிடித்த அதே விஷயம் துருக்கிக்கும் நடந்தது. மார்ச்சில் மறுத்த அதே துருக்கி நாடாளுமன்றம் 2003 அக்டோபரில் ஈராக்குக்குப் படை அனுப்பச் சம்மதித்தது. ஈராக்கின் ஆளும் குழு, குறிப்பாகக் குர்துகள், வேண்டவே வேண்டாம் என்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. படை அனுப்புகிற நாட்டின் சபை சம்மதித்தால் மட்டும் போதாது.

அகல்யன், வரைவு ஒன்று எழுதுங்கள் பார்ப்போம். மாலத்தீவை மனதில் வைத்து எழுதுங்கள். 1988 நவம்பர் 3 காலையில் அந்நாட்டு அதிபர் கயூம் உதவி கேட்கிறார், அன்று இரவே ஆக்ராவிலிருந்து பாரா படையினர் அங்குள்ள ஹுல்ஹுலே விமான நிலையத்தில் இறங்கிவிட்டார்கள். அதற்கு முன் எந்தச் சபையைக் கூட்டுவது?

அகல்யன்

அவசரத்தில் முதலில் அனுப்பலாம். நெருக்கடி நிலைக்கு இருப்பதைப் போல ஒரு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதல். கிடைக்காவிட்டால் திரும்ப வேண்டும். ஆணையில் நோக்கம், எண்ணிக்கை, முடியும் தேதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயிரிழப்புக் கணக்கோடு அறிக்கை, இரு பக்கக் கணக்கும். நோக்கம் மாறினால் புதிய வாக்கெடுப்பு. இந்தக் கடைசி விதி நல்லூரானுக்காக. கொறடா கூடாது.

மேகலை

'கொறடா கூடாது' என்பதைச் சாதாரணச் சட்டத்தில் எழுதினால் நிற்காது. பத்தாவது அட்டவணை அரசமைப்பின் பகுதி, அதைத் திருத்த வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சித் தாவல் சட்டம் பொருந்தாது, அப்படி ஒரு விலக்கு இதற்கும் வேண்டும். எந்தக் கட்சித் தலைமை அதற்குக் கையெழுத்துப் போடும் என்று எனக்குத் தெரியவில்லை, எந்தக் கட்சியாக இருந்தாலும்.

பழைய சிக்னல்

ஒன்று சேருங்கள். போகிற யூனிட்டுக்கு அந்த ஆணையின் நகல் அவரவர் மொழியில் கையில் வர வேண்டும். எப்போது சுடலாம், யார் சொன்னால் கேட்க வேண்டும் என்பது அதில் எழுத்தில் இருக்க வேண்டும். கம்பெனி கமாண்டர் வாயால் சொன்னார் என்று பிறகு விசாரணையில் நிற்கிறவன் நாயக்கும் சிப்பாயும்தான்.

கோட்டை ராஜா

சிக்னல் ஐயா சொன்னதற்கு மட்டும் என் கையெழுத்து. மற்றதெல்லாம் காகிதம். இந்தச் சட்டம் அப்போது இருந்து, நான் எம்.பி.யாகவும் இருந்திருந்தால் 'ஆம்' பக்கம்தான் போயிருப்பேன், பெயரைத் தைரியமாக எழுதிக்கொள்ளுங்கள். திண்ணை, அந்த எர்பில் ஃபிளாட் எத்தனை பெட்ரூம்?

திண்ணை

இரண்டு. மொட்டை மாடி பொது.